என் நாலு எங்கே?

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எப்படியும் அந்தம்மா காதுக்குப் போய்விடும். போனால் ஃபோன் வரும். "யார கேட்டு சார் எழுதுனீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் வரும், ஆனால் அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு பிரஷர் மாத்திரை இரண்டு செலவாகிவிடும். அந்தம்மா என்றே வைத்துக்கொள்வோம். ஷெட்டில் மற்றவர்கள் 'ரிட்டன் மேடம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மண்ணூர் போகிற பாதையில் எங்கள் கம்பெனி. வாசல் போர்டில் 'இண்டஸ்ட்ரீஸ்' என்று பன்மையில் போட்டிருக்கும். உள்ளே இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒன்றுதான். மொட்டை மாடிகளில் நிற்கிற டிவி ஆன்டெனாவை இருபது பேர் செய்துகொண்டிருந்தோம். நான் கோவில்பட்டிக்காரன். தொண்ணூறாம் வருஷம் ஆவணியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் ப்ரொபேஷன். தை முடிவில் கன்ஃபர்ம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த ஊரில் 1991 என்றாலே எல்லோரும் மே மாதத்தைத்தான் கேட்பார்கள். நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய தை மாதம்.

அந்தம்மா டெஸ்டிங். மண்ணூரில் வெள்ளாமைக் குடும்பம், பாலிடெக்னிக் டிப்ளமோ, என்னைவிட மூன்று வயது இளையவர். ஷெட்டின் கடைசியில் அவருக்கு ஒரு மேசை, ஒரு மீட்டர், ஒரு மின்விசிறி. மின்விசிறி மீட்டரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். "எனுக்கு வேர்த்தா தொடச்சிக்குவேன். அது இன்னா பண்ணும்?" என்பார்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் கேபிளுக்குள் எவ்வளவு போகிறது என்று முள் காட்டும். கீழே தள்ளினால் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். திரும்பி வருவது ஏனென்றால், ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு குணம் உண்டு. அதை ஓம் கணக்கில் சொல்வார்கள். ஐம்பது ஓம் கேபிளின் முனையில் ஐம்பது ஓம் ஆன்டெனாவைக் கட்டினால் போய்ச் சேர்ந்ததெல்லாம் காற்றில் ஏறிவிடும். எழுபத்தைந்தைக் கட்டினால் அது சேராத சம்பந்தம். நூறு போய்ச் சேர்ந்தால் அதில் நாலு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் வந்த வழியே திரும்பிவிடும். சாதாரண மனுஷன் சுவிட்சை மேலே தள்ளி, முள் நன்றாக எழும்புவதைப் பார்த்து, சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். அந்தம்மா எடுத்த எடுப்பில் கீழேதான் தள்ளுவார்.

"ரிட்டன் எம்மாம்?" என்பதுதான் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி. குட்மார்னிங் எல்லாம் பிறகுதான், சில நாள் அதுவும் கிடையாது.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் நாற்பது ஆன்டெனாக்களை அந்தம்மா சாப்பிடப் போன நேரத்தில் நானே அவர் மேசையில் வைத்துப் பார்த்தேன். நாற்பதிலும் ரிட்டன் பூஜ்யம். இதோ வந்துவிட்டான் கோவில்பட்டிச் சிங்கம் என்று நினைத்துக்கொண்டு எண்களை எழுதிய டெஸ்ட் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் சாப்பிடுகிற இடத்துக்குப் போனேன்.

"எல்லாம் ஜீரோம்மா! அருமையா வந்திருக்கு, பாத்துக்கோ" என்றேன்.

கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

"இம்மாம் நல்லா வர்றதுக்கு நாம இன்னா சார் அம்மாம் நல்லவங்களா?"

நாற்பதையும் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால், மேசைக்கு அடியில் டெஸ்ட் கேபிளை எலி கடித்து வைத்திருந்தது. போனதில் பெரும்பகுதியைக் கேபிளே விழுங்கிவிட்டது. திரும்பியதையும் அதுவே விழுங்கிவிட்டது. ஆன்டெனா நல்லதா கெட்டதா என்று மீட்டருக்குத் தெரியவே இல்லை. புதுக் கேபிளில் போட்டுப் பார்த்தபோது நாற்பதில் பதினொன்று தேறவில்லை.

"படிச்சிருக்கேன்மா, லாஸ் இருந்தா ரிட்டன் கம்மியாத்தான் தெரியும்" என்று நான் சமாளித்தேன்.

"படிச்சிருப்பீங்க சார். படிச்சவங்கதான் முள்ள பாத்ததும் கைதட்டுவாங்க" என்றார்.

இதை அவர் எனக்கு விளக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. மெட்ராஸிலிருந்து முதலாளியைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேட்டில் இருந்த டீக்கடையிலிருந்து பன்னிரண்டு மெதுவடை வாங்கி, தட்டில் வைத்து, வாட்ச்மேன் கையில் உள்ளே அனுப்பினோம். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தேளா, ஒண்ணு விடாம சாப்டுட்டா!" என்று ஷெட்டுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்தம்மா வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மீசைல சட்னி கீது, தொட" என்றார். அவன் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான். பிறகு விசாரித்ததில், போகிற வழியில் அஞ்சு வடை தீர்ந்திருக்கிறது. மெட்ராஸ்காரர்கள் நாலு சாப்பிட்டார்கள். மிச்சம் மூன்று திரும்பி வருகிற வழியில் தீர்ந்தது.

"தட்டு காலியா வந்தா விருந்தாளி துன்னான்னு மொதலாளி நெனச்சிக்கினாரு. அவரு இந்தாண்ட கீறாரு, தட்ட மட்டும்தான் பாக்குறாரு. நடுவுல போற ஆளு துன்னா இங்க எப்டி சார் தெரியும்? வடை எம்மாம் திரும்பும்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அது திரும்பலன்னா, கைதட்டாத. நடுவுல எவன்னு பாரு."

'பாரு' என்றது என்னைத்தான். சூப்பர்வைசரை. உற்சாகம் வந்தால் அந்தம்மாவுக்கு மரியாதை பாதி வழியில் இறங்கிக்கொள்ளும்.

மீட்டரோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர்களையும் அப்படித்தான் அளந்தார். முதலாளி மாதம் ஒருமுறை எல்லோரையும் நிற்கவைத்து அரை மணி நேரம் பேசுவார். முடிவில் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டோம். அவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். ஒருமுறை அந்தம்மா கையைத் தூக்கி, "சார், இருவது பேர்ல ஒருத்தர்கூட ஒன்னும் கேக்கல. நீங்க பேசுனது எங்களாண்ட வந்தே சேரல" என்றார். அந்த மாதத்தோடு கூட்டம் நின்றுபோனது. அதற்காக நான் அந்தம்மாவுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

தன் கல்யாணத்திலும் இதே வேலைதான். மாப்பிள்ளை ஒருவன் பெண் பார்க்க வந்திருக்கிறான். வேலைக்குப் போகலாமா, போகலாம். சம்பளத்தை அம்மா வீட்டில் கொடுக்கலாமா, கொடுக்கலாம். ஷிஃப்டு முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு வந்தால், வரலாம். எல்லாவற்றுக்கும் சரி. வீட்டில் எல்லோரும் குதிக்க, இவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். "இன்னா சொன்னாலும் சரின்றான். ஒரு வார்த்த திரும்பல. நான் பேசுனது அவன் காது வரைக்கும் போயிருந்தா ஏதாவது ஒன்னுக்கு மூஞ்ச சுளிச்சிருப்பான் இல்ல?" அடுத்து வந்தவன் வேறொரு கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவன். வந்த இடத்தில் உப்புமாவை வாயில் வைத்துவிட்டு, "இன்னாங்க, உப்பு போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். அவனைத்தான் கட்டிக்கொண்டார். நான் ஒருமுறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். உப்பு இருக்காது. சண்டை இருக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனுஷி ஒரு விஷயத்தில் மட்டும் என்னை நம்பினார். பெரிய ஆன்டெனாவை ஷெட்டுக்கு வெளியே கம்பத்தில் கட்டித்தான் பார்க்க வேண்டும். அவர் வெளியே வெயிலில் நின்று ஸ்பேனரால் திருகுவார். நான் உள்ளே மீட்டர் முன்னால். "இன்னா காட்டுது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "ஆறு!" என்பேன். திருகுவார். "இப்ப?" "அஞ்சு!" நான் சொன்ன எண்ணை அப்படியே கார்டில் எழுதிக்கொள்வார், உள்ளே வந்து பார்க்க மாட்டார். சொந்த மாமியார் சொன்ன மணியைக் கடிகாரம் பார்த்துச் சரிபார்க்கிற பெண் அவர். எனக்கு இது எவ்வளவு பெருமை என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மறைமலை நகர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு பெரிய ஃபாக்டரியிலிருந்து ஆர்டர் வந்தது. அவர்களுடைய ஆம்புலன்ஸ் வேனுக்கும் கேட் ரூமுக்கும் இடையே வயர்லெஸ். அதற்கு முந்தைய வருஷம் பிரஸ் மெஷினில் கை மாட்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டு போன வேன், ஒரகடம் பக்கத்தில் வயற்காட்டு நடுவே நின்றுபோயிருக்கிறது. சொல்வதற்கு ஃபோன் இல்லை. டிரைவர் மூன்று கிலோமீட்டர் ஓடிப்போய் ஒரு ஃபோனைப் பிடித்து, வேறு வண்டி வருவதற்குள் நேரமாகிவிட்டது. அந்த ஆளுக்குக் கை போய்விட்டது. அதனால்தான் வயர்லெஸ்.

எங்கள் முதலாளி டிவி ஆன்டெனா செய்த அதே அலுமினியக் குழாயில் வயர்லெஸ் ஆன்டெனாவையும் செய்யச் சொன்னார். அது எழுபத்தைந்து ஓம். வயர்லெஸ் செட்டும் கேபிளும் ஐம்பது. அந்தம்மா இரண்டையும் பொருத்தி மேட்ச் செய்ய ஒரு வாரம் கேட்டார், முதலாளி கொடுக்கவில்லை. "நாலு பர்சன்ட் தானேம்மா" என்றார். "நாலு தான். போவட்டும். ஆனா நாலுன்னு எழுதி வச்சிருவேன்" என்று சொல்லி, ஷெட்டில் வைத்து அளந்து, கார்டில் சிவப்பு மையில் பெரிதாக 4 என்று எழுதிவிட்டார்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன்.

அந்த வேலைக்கான கேபிள், மர உருளையில் சுற்றியது, ஒரு டிரம்தான் கையிருப்பில் இருந்தது. அது வெளிநாட்டுச் சரக்கு. அந்த வருஷம் இருந்த டாலர் தட்டுப்பாட்டில் அடுத்த டிரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெட்டிய முனையை ரப்பர் மூடி போட்டு, டேப் சுற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற செம்புப் பின்னல் திரி எண்ணெய் குடிப்பதுபோலத் தண்ணீரை மீட்டர் மீட்டராகக் குடிக்கும். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசரை முதலாளி வீட்டுக்கு அனுப்பியது இப்படி ஒரு டிரம்மை நனையவிட்டதற்குத்தான். தீபாவளிக்கு முந்தின நாள் எழும்பூரில் எனக்கு ரயில். மூடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டேன். ஊரில் ஆறு நாள் இருந்தேன், ஆறு நாளும் இங்கே மழை. திரும்பி வந்து பார்த்தால், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே டிரம் நிற்கிறது. கேபிள் முனை மேலே பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

பச்சை பிடித்திருந்த இரண்டு மீட்டர் கேபிளை வெட்டி ஓடையில் போட்டேன். மிச்சத்தை மூன்று நாள் வெயிலில் வைத்தேன். டேப் சுற்றினேன். உள்ளே எவ்வளவு தூரம் ஈரம் போயிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்காததை இல்லை என்று வைத்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். கார்த்திகையில் அந்தம்மா, "டிரம்ம மூடி வச்சீங்களா சார்?" என்று கேட்டார். "மூடித்தான்மா இருக்கு" என்றேன். அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான்.

தை மாதம் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் ஃபாக்டரியில் டெஸ்ட். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆன்டெனா. அங்கிருந்து நாற்பது மீட்டர் கேபிள் கீழே கேட் ரூமுக்கு. அந்த நாற்பதும் என் டிரம்மிலிருந்து போனது. முதலாளி ஒரு பெட்டி லட்டோடு வந்திருந்தார். ஃபாக்டரி சார்பில் சேஃப்டி ஆபீசர். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வீடு பார்த்து வைத்தாகிவிட்டது. இந்த டெஸ்ட் முடிந்தால், தை முடியும்வரைகூடக் காத்திருக்காமல், திங்கட்கிழமையே கன்ஃபர்மேஷன் லெட்டர். முடியாவிட்டால் எனக்கு முன்னால் இருந்தவர் போன வழி.

வேனை ஒரகடம் வரை ஓட்டிப் பேசிப் பார்க்கலாம் என்று ஆபீசர் சொன்னார். டீசல் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் பொங்கல் லீவிலிருந்து திரும்பவில்லை. அதனால் வேன் முற்றத்திலேயே நின்றது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து, "ஹலோ, ஹலோ, சாப்டாச்சா?" என்றார். கேட் ரூமில் கணீரென்று கேட்டது. ஆபீசருக்கு முகமெல்லாம் பல். முதலாளி லட்டுப் பெட்டியின் நூலை அவிழ்த்தார்.

அந்தம்மா மீட்டர் சுவிட்சைக் கீழே தள்ளினார். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"ஜீரோ ரிட்டன்! ஃபஸ்ட் கிளாஸ்!" என்றார் முதலாளி.

"என் நாலு எங்க?" என்றார் அந்தம்மா.

"ஏம்மா, நன்னா வந்திருக்கறதைப் போய் ஏன் நோண்டிண்டிருக்கே?"

"நாலு எழுதி வச்சிருக்கேன் சார். நாப்பது மீட்டர்ல போறப்ப கொஞ்சம் போவும், வர்றப்ப கொஞ்சம் போவும். அப்டியும் ஒன்றரையாவது வந்து நிக்கணும். ஒன்னுமே வரலன்னா நடுவுல ஏதோ துன்னுது." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க முள்ளாண்டயே இருங்க. நான் மேல போயி ஆன்டெனாவ கழட்டிட்றேன். முனைல ஒன்னுமே இல்லன்னா, முனை வரைக்கும் போய்ச் சேந்ததெல்லாம் அங்கேருந்து திரும்பியாவணும். எழும்புச்சுன்னா கேபிள் நல்லா கீதுன்னு அர்த்தம். கொரல் குடுப்பேன், எம்மாம்னு சொல்லுங்க."

படியேறிப் போய்விட்டார். நான் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலாளி எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, பூஜ்யத்துக்கு மேல் அதைப் படிக்கவும் அவருக்குத் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "கழட்டிட்டேன்! இன்னா காட்டுது?"

முள் அசையவில்லை. ஆன்டெனாவே கிடையாது, முனை திறந்த கேபிளுக்குள் செட் பேசிக்கொண்டிருக்கிறது, ஒரு பொட்டுகூடத் திரும்பவில்லை. தீபாவளி மழை முழுவதும் அந்தக் கேபிளுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது அந்த நிமிஷமே தெரிந்தது.

"சார்! இன்னா காட்டுது?"

வாய் வரை 'ஜீரோ' வந்தது. அப்போது குழந்தை ஞாபகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் பார்த்து வைத்த வீட்டின் வாசல் கதவுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் நானே அதற்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தேன்.

"நூறு!" என்று கத்தினேன். "முழுசாத் திரும்புதும்மா! நூறு!"

"பார்த்தியா!" என்றார் முதலாளி. ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

மேலேயிருந்து "எம்மாம்?" என்று இன்னொரு முறை கேட்டது.

"நூறும்மா!"

செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. அவசரமில்லாமல் வந்தது. அந்தம்மா உள்ளே வந்து மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நூறு எப்டி சார் வரும்?"

கணக்கையும் அவரே சொன்னார்.

"நல்ல கேபிளே போறப்ப நூத்துக்கு நாப்பது துன்னும். வர்றப்ப மிச்சம் அறுவதுலயும் நூத்துக்கு நாப்பது துன்னும். நல்லா இருந்தா முப்பத்தாறு வரணும். கெட்டுப்போயிருந்தா ஒன்னும் வராது. நூறு வரணும்னா நடுவுல கேபிளே இருக்கக் கூடாது."

பயத்தில் பொய் சொல்கிறவன் முழு எண்ணாகத்தான் சொல்கிறான். முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தால் அந்தம்மா எழுதிக்கொண்டு, ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிவிட்டு வந்திருப்பார். எனக்குக் கணக்குத் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை.

அவர் குனிந்து சுவிட்சை மேலே தள்ளி, திரும்பக் கீழே தள்ளிப் பார்த்தார். பூஜ்யம். நிமிர்ந்து ஆபீசரிடம், "கையெழுத்து போடாதீங்க சார். கேபிள்ல தண்ணி ஏறிகீது. முத்தத்துல நின்னு கத்துனா யாருக்குதான் கேக்காது? வண்டி ஒரகடத்தாண்ட போனா இங்க ஒன்னும் வராது. பத்து நாள் குடுங்க, எப்டியாவது வேற போட்டுத் தரோம்" என்றார்.

வேன் டிரைவர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். மூன்று கிலோமீட்டர் ஓடியவர். "அப்ப நான் அங்கேருந்து கூப்ட்டிருந்தா?" என்று கேட்டார்.

"கூப்ட்டுகினே இருந்திருப்பீங்கண்ணே" என்றார் அந்தம்மா.

முதலாளி லட்டுப் பெட்டியை மூடினார். "தண்ணி எப்படி ஏறித்து?" என்றார். அந்தம்மா, "அத்த சூப்பர்வைசர் சார் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

சொன்னேன். ரயில், மூடி, மழை, ஓடையில் போட்ட இரண்டு மீட்டர், டேப், எல்லாவற்றையும் சொன்னேன். நூறையும் சொன்னேன். முதலாளி ஃபாக்டரி கேட்டிலேயே வைத்து என்னைப் பேசிய பேச்சை எழுத முடியாது. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்த வார்த்தைகள் எங்கிருந்து கிடைத்தன என்பது இன்றுவரை ஆச்சரியம். "நாளையிலேருந்து வராதே" என்று முடித்தார்.

அந்தம்மா துடைத்துக்கொண்டே, "முன்னாடி இருந்தவரையும் இப்டிதான் அனுப்புனீங்க. டிரம்மு மறுபடியும் நனஞ்சிகினுதான் இருந்திச்சி. கூரை ஒழுவுது சார். ஒரு வருஷமா சொல்லிகினு கீறேன், மொதல்ல அத்த அடைங்க" என்றார். முதலாளி லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ப்ரொபேஷன் இன்னும் ஆறு மாதம் என்று ஆனது. வேலை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியும் குழந்தையும் நீலக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். நான் பிறகு பதினோரு வருஷம் அந்த ஷெட்டில் இருந்தேன்.

அந்தம்மா என்னைக் காப்பாற்றினார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். காப்பாற்ற வேண்டுமென்று அவர் எதுவும் சொல்லவில்லை. கூரை ஒழுகியது, ஒழுகுகிறது என்றார். நான் நனையவிட்டேன், என்னையே சொல்லவைத்தார். மறுநாளும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் "ரிட்டன் எம்மாம்?" என்றுதான் கேட்டார். ஆனால் கேட்டது என்னையல்ல, லைனில் இருந்த வேறொரு பெண்ணை. தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் மெட்ராஸ் முழுக்க அலைந்து, மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நாற்பத்தைந்து மீட்டர் கேபிள் பிடித்தோம். திரும்பவும் அதே கேட் ரூம். கேபிளை அந்தம்மாவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்து மாட்டினார். மீட்டரை மேசையில் வைத்தேன். கார்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். இந்த முறை சரியாகச் சொல்லிவிட வேண்டும், அரைக்கால் கூடவோ குறையவோ இல்லாமல் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. மாடிக் கதவு திறந்தது.

முள் மெல்ல எழும்பி நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"டிரைவரண்ணே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் ரூமுக்குள்ள போங்க. முள்ளு எந்த நம்பராண்ட நிக்கிதுன்னு பாத்துச் சொல்லுங்க."

டிரைவர் வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். அவர் இதற்கு முன் மீட்டர் படித்ததில்லை. என் தோளுக்கு மேலே குனிந்து கண்ணைச் சுருக்கினார். அவருக்கு முள் தெரியட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுலம்மா!" என்று அவர் கத்தினார்.